விடுப்பில் போன விரல்

காப்பி பறிக்கிற சித்தனை மதியத்துக்குள் சேலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அங்கிருந்து நேராக ஜெயில். அதைத் தடுக்கச் சொல்லித்தான் அவர் மனைவி சென்னம்மாள் நேற்று சாயங்காலம் அழுதுகொண்டே போன் செய்திருந்தாள். காலையில் முதல் வேலையாகப் புஷ்பலதா காரை மலை மேல் ஏற்றிவிட்டாள்.

வழக்கின் சாரம் இதுதான். வெள்ளக்கடைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் ரைட்டர் ராஜ்குமார், திங்கட்கிழமை மதியம் கரடியூர் பாறையிலிருந்து விழுந்து இறந்துபோனார். எஸ்டேட்டில் ஆட்களை வேலைக்கு ஏவுவதும் வருகை பார்ப்பதும் ரைட்டரின் வேலை. அவர் போன் நொறுங்கிவிட்டது. ஆனால் அன்று காலை அதற்கு வந்த ஒரு செய்தி கம்பெனி சாப்ட்வேரில் பதிவாகியிருந்தது: 'லேபர் ஆபீசுக்குப் போகலை. பேசி முடிச்சுக்கலாம். மதியம் கரடியூர் பாறைக்குத் தனியா வாங்க.' அனுப்பியது சித்தனின் போன். ஆட்களை நிறுத்தினால் லேபர் ஆபீசுக்குப் போவேன் என்று எல்லோருக்கும் முன்னால் ரைட்டரிடம் சத்தம் போட்டவரும் சித்தன்தான். அன்றைக்கு அடுத்த செடியில் நிற்கிற ஆளே தெரியாத பனி. ஆகவே சித்தன் தோட்டத்தைவிட்டு நகரவில்லை என்று சொல்ல ஒரு சாட்சியும் இல்லை.

"வாங்க மேடம், டீ சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. இந்தக் கேஸ்ல துப்பறிய ஒண்ணுமே இல்லை" என்றார் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் பெரியசாமி.

"டீயும் இல்லைன்னு சொல்லிடுவீங்களோன்னு பயந்துட்டேன் சார்" என்றான் யுவராஜ்.

யுவராஜ், புஷ்பலதாவின் உதவியாளன். சேலத்தில் செல்போன் ரிப்பேர் கடை வைத்து நொடித்துப்போனவன். கடை போனாலும் வாய் போகவில்லை. புஷ்பலதா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்து அலுத்துப்போய்த் தனியாகத் துப்பறியக் கிளம்பியவள். அவளுக்குப் பேச்சு குறைவு. இருவருக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான்.

பெரியசாமி மேஜை மேல் ஒரு டச் போனை வைத்தார். "கம்பெனி எல்லா ஆளுக்கும் கொடுத்த போன். வருகை போடறதுக்கு. இதுக்கு ரெண்டு பூட்டு. ஒண்ணு நம்பர். அது ஆபீஸ்ல இருக்கு, இவனுக்கே தெரியாது. இன்னொண்ணு விரல். செய்தி போனப்ப விரலை வெச்சுத்தான் திறந்திருக்குன்னு சாப்ட்வேர் சொல்லுது. தினமும் காலைல அதே விரலை வெச்சுத்தான் வருகையும் போட்டிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"இங்கே அவர் விரலை வெச்சுப் பார்த்தீங்களா?" என்றாள் புஷ்பலதா.

"வெச்சோம். திறக்கலை. காப்பிப் பழம் பறிச்ச கை, கறையும் பிசுக்குமா இருக்கு. அது ஒரு பெரிய விஷயமா?"

"இன்னொரு தடவை பார்க்கலாமே. அவரைக் கூப்பிடுங்க."

சித்தன் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். புஷ்பலதா அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனிகளில் ரேகையே இல்லை. ஆற்றுக் கல்லைப் போல வழவழவென்று, காய்ந்து, கறுத்துக் கிடந்தன.

யுவராஜ் மேஜையில் மூன்று போன்களை வரிசையாக அடுக்கினான்.

"கடை திறந்தாச்சு. இடது கைப் பக்கம் என்னோட ஐபோன். செகண்ட் ஹேண்டுதான், ஆனா திமிர் மட்டும் புதுசு. விரலெல்லாம் கேக்காது, மூஞ்சியைக் காட்டுன்னு சொல்லும். நடுவுல ஆண்ட்ராய்டு, கம்பெனி கொடுத்த அதே ரகம். இதுக்கு விரல் காட்டோணும். கடைசில பட்டன் போன். இது மூஞ்சியும் கேக்காது விரலும் கேக்காது, அமுக்கினாப் போதும். மூணுல எது நல்ல போன்னு இப்ப அண்ணன் சொல்வார். பூட்டெல்லாம் எடுத்துட்டேனுங்கண்ணா. ஒவ்வொண்ணுலயும் உங்க ஊட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க."

சித்தன் ஐபோனில் விரலை வைத்தார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி வைத்தார். அழுத்தினார். மேஜை ஆடியது, எண் வரவில்லை.

"அழுத்த வேண்டாமுங்கண்ணா. சும்மா தொட்டாப் போதும்."

"தொட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்."

ஆண்ட்ராய்டில் ஒரே ஒரு எண் விழுந்தது. அதுவும் பக்கத்து எண். சித்தன் அதை நகர்த்தி வைத்துவிட்டுப் பட்டன் போனை எடுத்தார். அதைப் பார்க்கக்கூட இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்ற சில்வர் ஓக் மரங்களைப் பார்த்தபடியே கட்டை விரலால் தட்டினார். ஸ்டேஷன் வாசல் பெஞ்சில் சென்னம்மாளின் மடியிலிருந்த பட்டன் போன் அலறியது.

"ஏனுங்க? உட்டுட்டாங்களா?" என்று அவள் கதவோரம் ஓடி வந்தாள்.

பெரியசாமி இல்லை என்று கையை அசைத்தார். அவள் திரும்பிப் போய் உட்கார்ந்தாள்.

யுவராஜ் ஐபோனைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "டச் கண்ணாடிக்குத் தோல்ல கொஞ்சம் ஈரம் வேணும் சார். தொடறது மனுஷன்தான்னு அது அப்படித்தான் கண்டுபிடிக்கும். அண்ணன் விரல் காய்ஞ்ச கட்டை. கண்ணாடியைக் கேட்டா அங்க ஆளே இல்லைன்னு சொல்லும்."

"ஏன்யா, அப்ப இந்தப் போனுக்கு யாராவது கூப்பிட்டா எப்படி எடுப்பே?" என்றார் பெரியசாமி.

சித்தன் தயங்கினார். பிறகு குனிந்து மூக்கு நுனியால் கண்ணாடியை ஒரு பக்கமாகத் தேய்த்துக் காட்டினார். வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார்.

"கொலைச் செய்தியை மூக்கால அடிச்சார்னு சார்ஜ் ஷீட்ல எழுதுங்க சார். ஜட்ஜுக்கும் பொழுது போகும்" என்றான் யுவராஜ்.

"அவர்கிட்ட கண்ணை மூடிட்டு அடிக்கிற பட்டன் போன் இருக்கு. அதை விட்டுட்டு, தன் பேர்ல இருக்கிற, தன் விரலுக்கே மசியாத போன்ல எதுக்கு அனுப்பணும்?" என்றாள் புஷ்பலதா.

சிரிப்பு சித்தனைச் சுட்டிருக்க வேண்டும். அவர் திடீரென்று தலை நிமிர்ந்தார். "வேலைக்கு வந்தேன்னு சொல்ல என் விரல் ஆகலீங்க. கொலை பண்ணினேன்னு சொல்றதுக்கு மட்டும் ஆகுதுங்களா?"

சொன்ன மறு நிமிடமே அவர் முகம் மாறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

புஷ்பலதா நிதானமாகக் கேட்டாள். "உங்க விரல் ஆகலைன்னா, தினமும் காலைல உங்க வருகை எப்படி விழுந்துச்சு?"

சித்தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"யாரோட விரல் அது?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. என்னைக் கோர்ட்டுக்கே கூட்டிப் போயிருங்க" என்றார் சித்தன்.

ஜெயிலுக்கு அவசரப்படுகிற மனிதனைப் புஷ்பலதா அதுவரை பார்த்ததில்லை.

"மதியத்துக்குள்ள அந்த விரலோட வர்றேன்" என்று பெரியசாமியிடம் சொல்லிவிட்டு எழுந்தாள்.

*

கார் வெள்ளக்கடைச் சாலையில் இறங்கியது. சென்னம்மாள் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் கணவனுக்குச் சாதகமாகத் திரும்பிவிட்டது என்று சொன்ன பிறகும் அவள் முகத்தில் தெளிவில்லை.

"ஏனுங்க மேடம், அந்த விரலைத் தேடித்தான் ஆகோணுங்களா? வேற வழியில எங்கூட்டுக்காரரை வெளிய கொண்டார முடியாதுங்களா?"

"இருக்குதுங்கம்மா. ஸ்டேஷன் பின்னாடி ஒரு சுவர் இருக்கு. ஆனா நொம்ப உசரம்" என்றான் யுவராஜ்.

அவள் சிரிக்கவில்லை. புஷ்பலதா கண்ணாடியில் அவளைப் பார்த்தாள். அழுதுகொண்டே துப்பறிய அழைத்தவள், துப்பு கிடைத்ததும் பயப்படுகிறாள்.

எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில், வருகை போட்டுவிட்டுக் கஞ்சி குடிக்க வந்திருந்தவர்களிடம் புஷ்பலதா ஒவ்வொரு வாசலாக நின்று, கம்பெனி போனைத் திறந்து காட்டச் சொன்னாள். எல்லா வாசலிலும் ஒரே பதில். "சார்ஜ் இல்லீங்க."

"ஆச்சரியமா இருக்கே அக்கா. ஊட்டுக்குள்ள டி.வி. ஓடுது, கிரைண்டர் ஓடுது. போனுக்கு மட்டும் கரண்ட் வர மாட்டேங்குது" என்றான் யுவராஜ்.

அடுத்து ஆபீசுக்குப் போனார்கள். வாசல் திண்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி நிறைய டச் போன்கள் கிடந்தன. இங்கே பழக்கம் அதுதான். காலையில் வருகை போட்டு, கஞ்சியும் குடித்த பிறகு ஈரத்தில் கெட்டுப்போகாமலிருக்க எல்லோரும் போனை வாளியில் போட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போவார்கள். திங்கட்கிழமை சித்தன் போனும் அந்த வாளியில்தான் கிடந்தது. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம். ஆனால் யார் வேண்டுமானாலும் திறந்திருக்க முடியாது.

ஆபீஸ் சுவரில் ஒரு டி.வி. திரை. அதில் அந்த வாரத்தின் வருகை ஓடிக்கொண்டிருந்தது. திங்கள், எல்லோரும் வந்திருக்கிறார்கள். புதன், எல்லோரும். இன்று வியாழன், சித்தன் தம்பதியைத் தவிர எல்லோரும். செவ்வாய்க்கிழமைக் கட்டம் மட்டும் சுத்தமாகக் காலி. ஒரு பெயர்கூட இல்லை.

"ரைட்டர் செத்த மறுநாள். துக்கத்துல யாரும் வரலை போல" என்றான் யுவராஜ்.

புஷ்பலதா களத்துக்கு நடந்தாள். தோல் நீக்கிக் கழுவிய காப்பி அங்கே பாத்தி பாத்தியாகக் காய்ந்தது. எந்த நாள் பறித்தது எந்தப் பாத்தி என்று தெரிய, ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி நட்டு அட்டையில் கிழமை எழுதியிருந்தார்கள். முறம் போன்ற பலகையால் ஒரு அம்மாள் காப்பியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பெயர் தங்கம்மா என்றாள்.

"ஏனுங்க தங்கம்மா, இந்தச் செவ்வாக்கிழமைப் பாத்தி மத்ததைவிடப் பெருசா இருக்கே. யார் பறிச்சது?"

"நாங்கதானுங்க."

"திரையில யாருமே வரலைன்னு இருக்குதே?"

"அதுங்களா… பனிங்க. போன் வேலை செய்யலீங்க."

"புதன்கிழமை பனி இல்லீங்களா?"

"இருந்துச்சுங்க" என்றாள் தங்கம்மா. சொல்லிவிட்டுத் தன் வாயையே நொந்துகொண்டவளைப் போலப் பலகையைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.

யுவராஜ் பாத்தியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "எல்லா மனுஷங்களும் வந்திருக்காங்க அக்கா. ஒரே ஒரு விரல் மட்டும்தான் லீவு."

"இந்தப் போனுக்கு ஆள் தெரியுமா யுவராஜு?"

"எங்கே தெரியும்? விரலை முதல்ல பழக்கறப்ப யார் வெச்சாங்களோ, அந்த விரல் வந்தாப் போதும். அது சித்தனா, பக்கத்து ஊட்டுக்காரனான்னு அதுக்குக் கவலையில்லை. நூறு போன்லயும் ஒரே விரலைப் பழக்கலாம்."

ஆபீசுக்குள் கம்ப்யூட்டர் முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். செம்மநத்தத்துக்காரி, சுதாராணி. இருபத்தைந்து வயதுக்குள்தான். போன்களைக் கொடுத்ததும் அவற்றைப் பழக்கியதும் அவள் வேலை என்று கதவில் ஒட்டியிருந்த பெயர்ப் பலகையே சொல்லிற்று.

புஷ்பலதா உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு குத்துமதிப்பில் கேட்டாள். "காய்ச்சல் எப்படி இருக்கு கண்ணு?"

"செவ்வாக்கிழமை ஒரு நாள்தானுங்க மேடம். இப்பப் பரவால்லீங்க" என்றாள் சுதாராணி.

பிறகுதான் கேட்டது யாரென்று யோசித்தாள். அவள் கை தானாக மேஜைக்கு அடியில் போயிற்று.

புஷ்பலதா சென்னம்மாளிடமிருந்து கம்பெனி போனை வாங்கி மேஜையில் வைத்தாள். "இதைக் கொஞ்சம் திறங்க."

"வேண்டாம் கண்ணு" என்று சென்னம்மாள் பதறினாள்.

சுதாராணி அவளைப் பார்த்தாள். பிறகு வலது கையை மேலே எடுத்து ஆள்காட்டி விரலைப் போன் மேல் வைத்தாள். டிக் என்றது. திறந்துகொண்டது.

*

அவள் அழவில்லை. அழுதிருந்தால் புஷ்பலதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"பாதிப் பேருக்கு விரலே ஏறலீங்க மேடம். பட்டன் வெச்ச மிசினாவது குடுங்கன்னு மேல எழுதினோம். காலம் மாறிப்போச்சுன்னு பதில் வந்துச்சு. வருகை விழாத ஆள் அந்த நாள் வேலைக்கே வரலைங்கறது கம்பெனிச் சட்டம். அதான் என் விரலைப் பழக்கி உட்டேன். விரல் ஏறறவங்களை மட்டும் தனியா நிறுத்தினா வெளிய தெரிஞ்சுருமேன்னு எல்லாப் போன்லயும். காலைல வரிசையா நிப்பாங்க. நான் அமுத்திட்டே போவேன்."

"ராஜ்குமார் கண்டுபிடிச்சுட்டார்."

"வீடியோவே எடுத்து வெச்சிருந்தாருங்க. தேய்ஞ்ச கையெல்லாம் இனி தோட்டத்துக்கு வேண்டாம்னு மேல இருந்து சொல்லிட்டாங்களாம். ஆளை நிறுத்த அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்துச்சு. ஆபீஸ்ல வெச்சுக் கெஞ்சினேன், காதுல வாங்கலை. தனியாப் பேசலாம்னு நான் கூப்பிட்டா வரமாட்டாரு. சித்தண்ணன் சமாதானத்துக்கு வர்றாருன்னா கட்டாயம் வருவாரு. வாளியில இருந்து அந்தப் போனை எடுத்தேன்."

"பாறையில என்ன நடந்துச்சு?"

"வீடியோவைக் காட்டிச் சிரிச்சாருங்க. போனைப் புடுங்கிட்டேன். அழிச்சுட்டாப் போதும்னு நினைச்சேன். ஆனாப் பனித் தண்ணி. கண்ணாடி பூரா ஈரம். நான் ஒண்ணைத் தொட்டா அது வேற எதையோ திறக்குது. துடைச்சுத் துடைச்சு அமுத்தறேன், அழிய மாட்டேங்குது." அவள் தன் விரலையே பார்த்தாள். "அத்தனை போனும் திறந்த விரலுங்க. அன்னைக்கு ஒரு போன்ல வேலை செய்யலை. அதுக்குள்ள அவர் பாய்ஞ்சு புடிச்சாரு. நான் தள்ளி உட்டேன். பாறை வழுக்கிருச்சு. போனும் அவர்கூடவே போயிருச்சு."

யுவராஜ் போய்க் கதவைச் சாத்தினான்.

"சித்தன் பேர்ல பழி விழும்னு தெரியாதா?" என்றாள் புஷ்பலதா.

"அப்ப அது தோணலீங்க. நேத்து அவரைக் கூட்டிப் போனதும் ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். இந்தக்காதான் வழியில நின்னு தடுத்தாங்க."

புஷ்பலதா சென்னம்மாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆமாங்க, தடுத்தேன். செய்தியைப் பார்த்ததுமே அவருக்குத் தெரியும் யார் விரல்னு. எனக்கும் தெரியும், லைன்ல எல்லாருக்கும் தெரியும். இந்தப் புள்ள விரல்லதான் எங்க ஊட்டு அடுப்பு எரிஞ்சுது. அவரையும் உடோணும், இவளையும் சொல்லக் கூடாது. படிச்சவங்க, வேற ஏதாச்சும் வழி கண்டுபுடிப்பீங்கன்னு கூப்பிட்டேன். இதைத்தான் கண்டுபுடிப்பீங்கன்னா கூப்பிட்டே இருக்க மாட்டேனுங்க."

"நான் வர்றேனுங்க மேடம்" என்று சுதாராணி எழுந்தாள். "எனக்காக அண்ணன் ஜெயிலுக்குப் போகோணுமா?"

*

வழியெல்லாம் புஷ்பலதா ஒரே கணக்கைப் போட்டுக்கொண்டு வந்தாள். இன்ஸ்பெக்டரிடம் சித்தனின் போனைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். மற்றப் போன்களை இழுக்கக் கூடாது. சுதாராணி கைதவறித் தள்ளினாள், அவ்வளவுதான். லைன் ஆட்களாவது பிழைக்கட்டும்.

ஸ்டேஷனில் சுதாராணியைப் பார்த்ததும் சித்தன் எழுந்து நின்றார். புஷ்பலதா வாயைத் திறக்கும் முன்பே அவர் கத்தினார்.

"நான்தானுங்க பண்ணினேன்! நான்தான் செய்தி அனுப்பினேன், நான்தான் தள்ளினேன்! எழுதிக்கங்க!"

பெரியசாமி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கம்பெனி போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினார். "அப்படியா? திற பார்க்கலாம்."

சித்தன் விரலை வைத்தார். கட்டை விரலை வைத்தார். வேட்டியில் துடைத்துவிட்டு வைத்தார். எச்சில் தொட்டு வைத்தார். போன் திறக்கவே இல்லை.

"உன்னால முடியாதுன்னு காலைலயே மேடம் நிரூபிச்சுட்டாங்கய்யா. உட்காரு."

புஷ்பலதா தான் போட்டுவைத்த கணக்கின்படி ஒரு போனைப் பற்றி மட்டும் சொன்னாள். பெரியசாமி எழுதிக்கொண்டார். கெட்டிக்காரர். எழுதி முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு போனுக்கு மட்டும் எதுக்கு இந்தப் பொண்ணு விரல் கொடுக்கணும்? விரல் ஆகலைன்னு இவன் சொன்னதை நானும்தான் கேட்டேன். கொஞ்சம் முன்னாடியே எஸ்டேட்டுக்கு ஜீப் அனுப்பிட்டேன் மேடம். வாளியோட வருது. முதலாளிக்கும் தகவல் சொல்லியாச்சு. சொந்த விரல் ஏறாத ஆள் எவரும் நாளையிலேருந்து வர வேண்டாம்னுட்டார்."

வாளி வந்தது. அதைப் பின்தொடர்ந்து லைன் ஆட்களும் நடந்தும் வண்டியிலுமாக வந்து, ஸ்டேஷன் வாசலில் பனியில் நின்றார்கள்.

கான்ஸ்டபிள் போன்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தார். "ஒவ்வொண்ணாத் திற" என்றார் பெரியசாமி.

சுதாராணி விரலை வைத்தாள். டிக். கம்பெனி பொருத்தியிருந்த பெண் குரல் பேசியது. "வணக்கம் தங்கம்மா. உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது."

அடுத்த போன். டிக். இன்னொரு வணக்கம். அடுத்தது. வாசலில் நின்றவர்கள் தங்கள் பெயர் வரும்போது தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள்.

"ஸ்டேஷன்ல வெச்சு அமுத்தினாலும் வருகை போடுது அக்கா. இதுக்கு ஆளும் தெரியலை, இடமும் தெரியலை" என்றான் யுவராஜ். அது வேடிக்கைப் பேச்சு இல்லை. அவன் தன் ஐபோனைத் திரை தெரியாமல் கவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டான்.

கடைசியாகச் சித்தனின் போன். பெரியசாமி அதை அவர் கையிலேயே கொடுத்தார். "வழக்கமா எப்படிக் காட்டுவியோ, அப்படியே காட்டு."

சித்தன் இரண்டு கையாலும் போனை நீட்டினார். சுதாராணி தன் இடது கையால் அவர் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு விரலை வைத்தாள்.

"வணக்கம் சித்தன். உங்கள் வருகை பதிவு செய்யப்பட்டது."

"நல்லா இரு சாமி" என்றார் சித்தன். தினமும் காலையில் சொல்கிற வார்த்தை, பழக்கத்தில் வந்துவிட்டது.

பெண் கான்ஸ்டபிள் சுதாராணியின் தோளைத் தொட்டாள். சித்தனைப் பார்த்து, நீங்க போகலாம் என்றார் பெரியசாமி. அவர் போகவில்லை. நீட்டிய போனைப் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.